ஒரு வங்கிச் சுவரின் வேதியியல்

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வடக்கு தெற்காக நீளும் சாலைக்கு ராஜாஜி பெயர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் அவர். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தச் சாலைக்கு ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர். அன்றைக்குக் கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. துறைமுகம் விரிந்த பிறகுதான் அலை தள்ளிப் போனது. அந்தச் சாலையில் செங்கல் சிவப்பும் வெள்ளைப் பூச்சுமாக, மூலைக் கோபுரங்களோடு நிற்கிற பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடம் 1897இல் முடிந்தது. அது ஸ்டேட் வங்கிக்காகக் கட்டியதல்ல, மதராஸ் வங்கிக்காகக் கட்டியது. 1843இல் முப்பது லட்சம் ரூபாய் முதலோடு தொடங்கிய மதராஸ் வங்கி, 1921இல் வங்காள வங்கியோடும் பம்பாய் வங்கியோடும் சேர்ந்து இம்பீரியல் வங்கியானது. 1955இல் அதுவே ஸ்டேட் வங்கியானது. கட்டியவர்களின் வங்கி மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. கட்டடத்தில் இன்னும் வரவு செலவு நடக்கிறது.

கர்நாடக எல்லையோரத் தொழில் ஊரான ஓசூரில் இருந்துகொண்டு சென்னைக் கட்டடத்தைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. கல்லையும் எந்திரத்தையும் தெரிந்த ஊர் இது. கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி பக்கம் வெட்டிய பாரடைசோ கிரானைட் உலகெங்கும் தரையில் கிடக்கிறது. சிப்காட் வந்தபின் இங்கே லேத் பிடிக்காத தெரு இல்லை என்று சொல்லலாம். ஆனால் பழைய கட்டடத்தைக் காப்பதில் நம் ஊர்க் கணக்கு பெருமைப்படும்படி இல்லை. ஓசூர் ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தின் தலைமையிடம். ஆட்சியர் பிரெட் இங்கே கட்டிய கெனில்வொர்த் மாளிகை பாழாகி மறைந்துவிட்டது. மிஞ்சியிருக்கிற பழைய அலுவலகங்கள், பங்களாக்கள், 1824இல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணையின் பழைய கொட்டகைகள் போன்றவற்றில் இப்போதும் வேலை நடக்கிறது. அவற்றுக்கு இடிப்பவனைவிடப் பெரிய ஆபத்து, நல்லெண்ணத்தோடு சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ‘ரிப்பேர்’ செய்பவன். மதராஸ் வங்கிக் கட்டடத்தை முன்னே வைத்துக்கொண்டால் இதை விளக்குவது எளிது.

கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் என்று அந்தக் காலச் சென்னையின் செங்கல் சிவப்பில் பெரும்பகுதி அவர் ஒப்பந்தத்தில் எழுந்தது. கணித மேதை ராமானுஜன் 1920இல் உயிர்விட்டதும் சேத்துப்பட்டில் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான். வங்கியின் வடிவமைப்பில் ஹென்றி இர்வினின் கை உண்டு. சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையையும் பின்னால் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தவர் அவர். முகலாய வளைவு, ராஜஸ்தானி சத்திரி, ஐரோப்பிய மண்டபம் மூன்றையும் ஒன்றாகக் கோத்த அந்தப் பாணியை இந்தோ-சாரசெனிக் என்கிறார்கள். அதைப் பற்றி அழகியல் நூல்கள் நிறைய வந்துவிட்டன. அரண்மனை போலத் தோன்றவேண்டும், அலுவலகமாக இயங்கவேண்டும் என்ற இரண்டு ஆசையும் அதில் தெரிகிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

வங்கிக்கு அந்தத் தோற்றம் வெறும் ஆடம்பரம் அல்ல. வைப்புத்தொகைக் காப்பீடு என்ற ஒன்று இல்லாத காலம். பணம் போடுகிறவனுக்குத் தெரிந்த ஒரே உத்தரவாதம் கண்ணெதிரே நின்ற சுவர்தான். உயர்ந்த பீடம், கனத்த தூண், அண்ணாந்து பார்க்கவைக்கும் கூடம் எல்லாம் ‘நாங்கள் ஓடிப்போக மாட்டோம்’ என்று சொல்வதற்காக. சுவர் சொல்வது எப்போதும் உண்மையாகிவிடாது. அதே கடற்கரைச் சாலையில் கம்பீரமாக இருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் திவாலாகி, தென்னிந்தியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சேமிப்பை இழந்தன. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி.

தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளே போவோம். மின்விசிறியே அரிதான காலத்தில் ஏராளமான குமாஸ்தாக்கள் நாள் முழுக்கக் கணக்கு எழுத, அறை எப்படித் தாங்கியது? கூரையின் உயரம் ஒரு காரணம்; சூடான காற்று தலைக்கு மேலே ஏறித் தங்க இடம் இருந்தது. தாழ்வாரம் இன்னொன்று, வெயில் முதலில் அதன் மேல்தான் விழும். மூன்றாவது சுவரின் தடிமன். செங்கல் வழியாக வெப்பம் அலையாகத்தான் நகரும், மிக மெதுவாக. இரண்டு செங்கல் கனம், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சுவரில் வெளிப்புறம் நண்பகலில் ஏறிய சூடு உட்புறம் வந்துசேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வந்து சேரும்போது வெளியே இருந்த ஏற்ற இறக்கத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்குகூட மிஞ்சாது. வங்கி பூட்டிக் கிடக்கும் நடுச்சாமத்தில் வந்து சேரும் அந்தச் சூட்டைத் திறந்த சாளரம் வழியே இரவுக் காற்று வாரிக்கொண்டு போகும். ஓசூரின் பழைய ஓட்டுவீடுகளில் மே மாதம் மதியம் தூங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பில் தெரியும்.

இனி சுவருக்குள் இருக்கும் காரைக்கு வருகிறேன். கட்டுரையின் நடுத்தூண் அதுதான்.

நம்பெருமாள் செட்டியார் காலத்துச் சுவர்களில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது சிமெண்ட் அல்ல, சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸுக்குச் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல் சுட்டபின் 56 கிலோதான் இருக்கும். மீதி 44 கிலோ காற்றாகப் போய்விட்டது. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தபின், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறத் தொடங்கும். காளவாயில் விட்டதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்த வாங்கல் மேற்பரப்பில்தான் விரைவு. உள்ளே போகப்போக மிக மந்தம். கனத்த சுவரின் நடுவில் காரை முழுதாகக் கல்லாக ஆண்டுகள் பிடிக்கும்.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத இடங்களில் சுர்க்கி சேர்த்தார்கள். அதிகம் வேகாத செங்கல்லின் தூள் அது. களிமண்ணை மிதமாகச் சுட்டால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரியத் தயாராக இருக்கும். காற்றே படாவிட்டாலும், ஈரத்திலும்கூட, கெட்டிப்படும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்த அதே வேலையை நம் கொத்தனார்கள் உடைந்த செங்கல்லை வைத்துச் செய்தார்கள். கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்த கதையைப் பாட்டிக்கதையாகச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. சர்க்கரை சுண்ணாம்பை நீரில் அதிகமாகக் கரைக்கும், இறுகுவதைத் தாமதப்படுத்தும்; பூச்சு வேலைக்காரருக்கு இழைக்க நேரம் கிடைக்கும். முட்டைப் புரதம் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைத்துப் பூச்சை வழவழப்பாக்கும். இன்றைய கான்கிரீட்டில் ‘அட்மிக்ஸர்’ என்று கேனில் வருகிற சரக்கும் இதைத்தான் செய்கிறது.

நெடுநாள் நான் யோசித்த ஒன்று, இந்தக் காரை ஏன் இவ்வளவு மெலிந்தது என்பது. கொஞ்சம் பழைய சுவரில் சாவியால் கீறினாலே பொடி உதிரும். வலுவில் இன்றைய சிமெண்ட் கலவைக்குப் பல மடங்கு கீழே. பலவீனமான ஒன்றை நம்பி உயர் நீதிமன்றத்தையும் வங்கியையும் ஏன் கட்டினார்கள்? ஓசூரில் பிட்டர் வேலை பார்க்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார். சுழலும் ஷாஃப்டை எஃகில் செய்து, அது உட்காரும் புஷ்ஷை மட்டும் கன்மெட்டலில் ஏன் போடுகிறோம்? தேய்மானம் வரத்தான் போகிறது. அது விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய புஷ்ஷில் வரட்டும், ஷாஃப்ட் பிழைக்கட்டும். சுண்ணாம்புக் காரை அந்தச் சுவரின் புஷ். வெயிலில் சுவர் விரியும், இரவில் சுருங்கும், அடித்தளம் ஒரு பக்கம் நூலளவு இறங்கும். இவ்வளவு அசைவும் செங்கல்லை உடைக்காமல் காரை மூட்டுகளில் மயிரிழை விரிசல்களாகப் பகிர்ந்து போய்விடும். மழைநீர் அந்த விரிசல் வழியே போகும்போது கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய், உலரும்போது அங்கேயே படியவைக்கும். விரிசல் தானாக அடைபடும். அடைபடாமல் உதிர்ந்தால் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மூட்டைச் சுரண்டிப் புதுக் காரை வைத்தால் போதும்.

இந்த மூட்டில் சிமெண்டை வைத்தால் புஷ்ஷை எஃகிலும் ஷாஃப்டைக் கன்மெட்டலிலும் போட்ட கதையாகிவிடும். சிமெண்ட் அசையாது, அசைவு முழுவதும் பழைய செங்கல் மேல் விழும், செங்கல்லின் முகம் பொருக்காக உரிந்துபோகும். சில ஆண்டுகளில் சிமெண்ட் மூட்டு மட்டும் தேன்கூட்டு விளிம்பு போலத் துருத்தி நிற்க, நடுவே செங்கல் குழிந்துபோன சுவர்களை நம் பக்கத்துப் பழைய கட்டடங்களிலும் பார்க்கலாம். பார்த்துவிட்டு, “அந்தக் காலத்துச் செங்கல் சரியில்லை” என்று பழியையும் செங்கல் மேல் போடுவார்கள்.

அசைவைவிட மோசமானது ஈரம். மண்ணில் நிற்கும் எந்தச் செங்கல் சுவரும் நுண்துளைகள் வழியே நீரை மேலே உறிஞ்சும். அந்த நீரில் உப்பு கரைந்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சு போட்ட சுவரில் நீர் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும், உப்பு பூச்சில் தங்கும். ஓதம் ஏறிய பூச்சு பொரிந்து உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அதற்காகவே இருக்கிற பூச்சு அது. வெளியே சிமெண்டால் மூடினால் ஆவிக்கு வழி அடைபடும். நீர் இன்னும் உயர ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். குறுகிய துளைக்குள் வளரும் படிகம் சுவரை உள்ளிருந்து நெம்பும்.

கடற்கரைச் சாலையில் இந்த நெம்பல் ஏறக்குறைய அன்றாடம் நடக்கிறது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்துவிடும். அதற்குக் கீழே போனால் மீண்டும் படிகமாகும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவது இதனால்தான். சென்னையில் இரவில் ஈரப்பதம் அந்தக் கோட்டுக்கு மேலே, பிற்பகலில் கீழே. நாளுக்கு ஒரு தரம் கரைவு, ஒரு தரம் படிகம். நூற்று இருபத்தைந்து ஆண்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். இவ்வளவையும் தாங்கி ஒரு செங்கல் முகப்பு நிற்கிறது என்றால், நன்றாக வெந்த செங்கல்லும் ஆவியை வெளியே விடும் மூட்டும் சேர்ந்து செய்த வேலை அது. ஓசூரில் கடற்காற்று இல்லை என்று நிம்மதி வேண்டாம். உரம் போட்ட மண்ணின் நைட்ரேட்டும், கழிவுநீரின் உப்பும், சிமெண்டே கொண்டுவருகிற சல்ஃபேட்டும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து குளிர்சாதனம். சென்னையின் கடற்காற்று ஆண்டின் பெரும்பகுதி எந்த அளவு நீராவியைச் சுமக்கிறது என்றால், 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் பனித்துவிடும். அறையை 22 டிகிரியில் வைத்தால் வெளியேயுள்ள ஆவி சுவர் வழியே உள்ளே வரப்பார்க்கும். முன்பு அது பூச்சைத் தாண்டி அறைக்குள் போயிருக்கும். இப்போது உட்புறம் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட். அதற்குப் பின்னால் ஆவி நீராகித் தேங்கும். அங்கே பதிந்திருக்கும் மரச்சட்டத்தின் முனை ஊறும், இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு, சில வேளை அதற்கு மேலும் இடம் கேட்கும். கேட்ட இடத்தைச் சுவரைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். குளிர்சாதனக் குழாய்களை மறைக்கப் போடும் பொய்க்கூரை, இது எதையும் யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றிக் கொடுக்கும். பொய்க்கூரைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. தீ பிடித்தால் அது தீக்கு ரகசியப் பாதை.

2014 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதராஸ் வங்கிக் கட்டடத்தின் மேல்தளத்தில் பெருந்தீ பிடித்தது. கூரையின் பகுதிகள் இடிந்து விழுந்தன. பழைய கட்டடங்களில் தீ சென்னைக்குப் புதிதல்ல. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது, சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

அந்தக் காலச் சென்னைக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதிப்பார்கள், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டைகளால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. கட்டை நல்லதாக இருந்தால் நூறாண்டு ஒழுகாது.

கனத்த தேக்குக் கட்டை தீயில் பலர் நினைப்பதைவிட நன்றாகத் தாங்கும். வெளிப்புறம் கரியாகும்; அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே என்ற வேகத்தில் கரி உள்ளே நகரும். ஒரு மணி நேரம் எரிந்தாலும் ஒவ்வொரு முகத்திலும் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் போகும். தடித்த கட்டைக்கு உள்ளே இன்னும் உயிர் இருக்கும். மெலிந்த கட்டையும், சுவருக்குள் முனை மக்கிப்போன கட்டையும்தான் விழும். முன்பு சொன்ன பெயின்டும் குளிர்சாதனமும் இங்கே கணக்குத் தீர்க்கின்றன. தீயணைப்பு நீரும் ஒரு கை பார்க்கும். செங்கல் ஜல்லி நீரை நன்றாகக் குடிக்கும். பாதி எரிந்த கட்டை, கூடின பாரத்தைத் தாங்கவேண்டிவரும்.

எரியாத இரும்பு மரத்தைவிட மோசம். 550, 600 டிகிரியில் அதன் வலுவில் பாதி போய்விடும். அதற்கு முன்பே அது நீளும். ஆறு மீட்டர் இரும்பு உத்தரம் 500 டிகிரி சூடேறினால் மூன்றரை சென்டிமீட்டர் நீண்டு, இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். தீ அணைந்து குளிரும்போது சுருங்கி, சுவரை விட்டுக் கழன்றுகொள்ளவும் செய்யும்.

கருங்கல்? கல் எரியாது என்பார்கள். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென ஊதும். பக்கத்திலிருக்கும் ஃபெல்ஸ்பார் அந்த வேகத்தில் விரியாது. கல் உள்ளுக்குள்ளே நொறுங்கும், மேற்புறம் தகடாக உரியும். நம் எல்லைப்பகுதிக் கல்தொழிலாளர்களுக்கு இது பழைய பாடம். வெடிமருந்தும் வயர் சாவும் வருவதற்கு முன்பு, பாறையின் மேல் விறகைப் பரப்பி எரித்து, நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பெரும் பலகைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். சூடேறிய மேலடுக்கு விரியப் பார்க்கும்; கீழே குளிர்ந்த பாறை விடாது; மேலடுக்கு புடைத்துத் தனியே கழன்றுவிடும். பெங்களூர்ப் பக்கம் இதைப் பார்த்த நிலவியலாளர் வார்த் 1895இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். மதராஸ் வங்கி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலியாகவும் வீட்டுச் சுவராகவும் நிற்கும் கற்பலகைகளைப் பார்க்கும்போது, தீ கல்லை என்ன செய்யும் என்பதை நம்மவர்கள் ஆய்வகம் இல்லாமலே அளந்து வைத்திருந்தது தெரியும்.

எல்லாவற்றிலும் நன்றாகத் தப்புவது செங்கல்தான். அது ஏற்கெனவே சூளையில் ஒருமுறை அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டது. அதனால்தான் எரிந்த கட்டடத்தைப் பார்த்தவுடன் “எல்லாம் போச்சு, இடித்துவிடலாம்” என்று சொல்கிறவரை நம்பக்கூடாது. கூரை போயிருக்கும், சுவர் பெரும்பாலும் இருக்கும். 1768இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கட்டிய கலச மகாலை எரிந்தபின் பொதுப்பணித்துறையே சுண்ணாம்புக் காரை, மரக் கட்டை என்று பழைய முறையில் மீட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. அரசு பொறியாளர்களால் முடியாது என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

சுவர் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க இடிக்கவேண்டியதில்லை. வெப்பப் படக்கருவி ஈரம் தேங்கிய இடத்தைக் குளிர்ந்த கறையாகக் காட்டும். மீயொலி, சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எடுக்கும் நேரத்தை வைத்து உள்ளே வெற்றிடம் உண்டா என்று சொல்லும். எனக்கு மிகப் பிடித்தது தட்டை ஜாக் சோதனை. சுவரின் மேலும் கீழும் இரண்டு புள்ளி குறித்து, இடையிலுள்ள தூரத்தை நுண்ணளவில் அளந்துகொள்வார்கள். நடுவிலுள்ள காரை மூட்டை மட்டும் அறுத்து எடுத்தால் மேலேயுள்ள பாரத்தில் பிளவு மயிரிழை மூடும். அதற்குள் மெல்லிய எஃகு உறையைச் செருகி எண்ணெய் அழுத்தம் ஏற்றினால், தூரம் பழைய அளவுக்குத் திரும்பும்போது அழுத்தமானி காட்டுகிற எண்தான் அந்தச் சுவர் சுமக்கிற பாரம். சில சிறு திருத்தக் கணக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டுகிற ஊருக்கு இதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டுமானங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. இதுபோன்ற ஆய்வு அங்கே அன்றாட வேலை.

அறிவியல் இந்த அளவுக்குத் தெளிவாக இருக்க, சட்டம் எங்கே நிற்கிறது? கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் அப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கின்றன, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்படுத்துகின்றன. அது கோட்டைக்கும் கல்வெட்டுக்குமான சட்டம். வரவு செலவு நடக்கிற வங்கியையோ, மனு வாங்குகிற அலுவலகத்தையோ அது மனத்தில் வைத்து எழுதப்படவில்லை.

அந்த இடைவெளியை நீதிமன்றம்தான் கொஞ்சம் நிரப்பியது. மதராஸ் வங்கி முடிந்த அதே 1897இல் அண்ணா சாலையில் டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனத்துக்காக எழுந்தது கார்டைல் கட்டடம். பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், அதற்குப் பின் எல்.ஐ.சி. சொத்து. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் வழக்குப் போட்டது. இடிப்பு நின்றது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட நானூறுக்கும் மேற்பட்ட சென்னைக் கட்டடங்களுக்கும் காப்பு அளித்தது. 2012இல் சட்டமன்றம் தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. பம்பாய் இத்தகைய விதிகளை 1995இலேயே கொண்டுவந்துவிட்டது.

அரசின் கையில் இருந்தால் இடிக்கமாட்டார்கள் என்பதாவது உறுதியா? கொல்கத்தாவைப் பாருங்கள். டல்ஹவுசி சதுக்கத்தில் 1833இல் ஆக்ரா வங்கிக்காக எழுந்த கட்டடம் 1868 முதல் அரசின் காகிதப்பண அலுவலகமாக இருந்தது. கரன்சி பில்டிங் என்றே பெயர். 1990களின் நடுவில் மத்தியப் பொதுப்பணித்துறையே அதை இடிக்க ஆரம்பித்தது. எதிர்ப்பு கிளம்பி நிறுத்துவதற்குள் நடுக்கூடத்தின் பெரிய குவிமாடங்கள் தரைமட்டமாகிவிட்டன. தொல்லியல் துறை கையில் எடுத்து மீட்டு, 2020 ஜனவரியில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். குவிமாடங்களைத் திரும்பக் கட்டவில்லை. கூடம் இன்று வானம் பார்த்த முற்றம். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. போனதைப் போனதாகவே காட்டுவது, போலிக் குவிமாடத்தைவிட மரியாதை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் இடிப்பதைப் பார்க்கின்றன, முகப்பைப் பார்க்கின்றன. மூட்டில் என்ன காரை வைக்கிறார்கள், உட்சுவரில் எந்தப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கிற கண் அவற்றுக்குக் குறைவு. சென்னைக்காவது ஒரு பட்டியல் உண்டு. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. வீட்டுமனையும் தொழிற்சாலையும் பெருகுகிற வேகத்தில், நூறாண்டு தாண்டிய அரசுக் கட்டடங்களை ஒரு தாளில் எழுதிவைப்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. அந்தத் தாளில் கட்டிய ஆண்டோடு, சுவர் எந்தக் காரையில் நிற்கிறது, கூரை எந்த வகை, கட்டையின் முனைகள் எப்படி இருக்கின்றன என்ற மூன்று பத்தி இருந்தால், அடுத்த முறை மராமத்துக்கு ஆள் வரும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

மராமத்து மதிப்பீட்டுத் தாளில்தான் மற்றதெல்லாம் முடிவாகிறது. அதில் ‘சிமெண்ட் கலவை 1:5, 12 மி.மீ. பூச்சு’ என்று ஒரு வரி இருந்தால், எந்த ஆணையம் எந்தச் சட்டம் போட்டும் அந்தச் சுவர் மூச்சுத் திணறத்தான் செய்யும். அந்த வரிக்குப் பதிலாகச் சுண்ணாம்புப் பூச்சு என்று எழுதினால் மட்டும் போதாது. சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, செக்கில் அரைக்கவேண்டும். கனமாக ஒரே பூச்சாக அப்ப முடியாது. மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காற்றை வாங்க இடைவெளி விட்டுப் பூசவேண்டும். வெயில் அடித்தால் ஈரச்சாக்கு கட்டவேண்டும். பிப்ரவரியில் ஒப்பந்தம் கொடுத்து மார்ச் 31க்குள் பில் போடவேண்டிய வேலைக்குச் சிமெண்ட் வசதி. கார்பன் டை ஆக்சைடுக்கு நிதியாண்டு தெரியாது. அதனால் சுண்ணாம்பு வேலைக்கான ஒப்பந்தத்தை ஏப்ரலிலேயே கொடுத்து, முதல் இரண்டு மாதத்தைச் சுண்ணாம்பு ஊறுவதற்கென்றே ஒதுக்கி, அந்த ஊறலை அளவுப் புத்தகத்தில் ஒரு வேலையாகவே பதிந்து, அதற்குப் பணமும் கொடுக்கவேண்டும்.